தொங்கிக்கொண்டு பறந்தவர்கள்: ஹேங் கிளைடரின் கதை

ஹேங் கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. வால் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, உட்கார ஒரு இருக்கை கூடக் கிடையாது. சில அலுமினியக் குழாய்கள், அவற்றை முறுக்காக இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிவடங்கள், மேலே போர்த்திய ஒரு துணி. அவ்வளவுதான்! பறப்பவர் அதன் நடுவில் ஒரு பட்டையில் தொங்குகிறார். மலைச்சரிவில் எதிர்க்காற்றைப் பார்த்துச் சில அடிகள் ஓடினால் கால் தரையை விட்டுவிடும். அதன் பிறகு உடம்பை முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்துவதுதான் 'ஓட்டுவது'.

இந்தக் கருவியில் ஏறி 700 கி.மீ.க்கும் மேல் பறந்தவர்கள் இருக்கிறார்கள். 1971-ல் இதே விளையாட்டில் நூறு அடி, இருநூறு அடி போனதே பெரிய விஷயம். இடையில் துணி மாறியது, குழாய் மாறியது, தொங்கும் விதம் மாறியது. அந்த மாற்றங்களில் பலவும் யாராவது ஒருவர் கீழே விழுந்த பிறகுதான் வந்தன. ஹேங் கிளைடரின் வரலாற்றைப் படிக்கும்போது மனதில் நிற்பது அதுதான்.

முதலில் விழுந்தவரிடமிருந்தே தொடங்கலாம்.

ஓட்டோ லிலியந்தால், 1848-ல் பிறந்த ஜெர்மானியப் பொறியாளர். நாரைகள் பறப்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்து, இறக்கைகளின் வளைவை அளந்து, 1889-ல் ஒரு புத்தகமே எழுதியவர். 1891 முதல் தானே செய்த இறக்கைகளை மாட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து ஓடிக் குதிக்க ஆரம்பித்தார். வில்லோ மரக் குச்சிகளில் பருத்தித் துணி போர்த்திய இறக்கைகள் அவை. எடை சுமார் 20 கிலோ. தகுந்த குன்று பக்கத்தில் இல்லாததால் 1894-ல் பெர்லினை ஒட்டிய லிஷ்டர்ஃபெல்டயில் 15 மீட்டர் உயரத்துக்குத் தானே ஒரு மண்மேட்டைக் கட்டிக்கொண்டார். கூம்பு வடிவ மேடு என்பதால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதை எதிர்த்து ஓடலாம். எவ்வளவு எளிய யோசனை! ஐந்து ஆண்டுகளில் சுமார் 2000 முறை பறந்தார். அதிகபட்ச தூரம் சுமார் 250 மீட்டர்.

அவர் தொங்கிய விதத்தில்தான் சிக்கல் இருந்தது. இறக்கைகளின் நடுவில் இருந்த சட்டத்தில் இரண்டு கைகளையும் முழங்கை வரை நுழைத்து, அக்குளில் எடையைத் தாங்கிக்கொண்டு பறந்தார். தோளும் மார்பும் சட்டத்தோடு மாட்டிக்கொண்டுவிடும். இடுப்புக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும்தான் ஆட்ட முடியும். காற்று சீராக இருக்கும்வரை அது போதும்.

1896 ஆகஸ்ட் 9-ம் தேதி அது போதவில்லை. ஷ்டோல்ன் கிராமத்துக் குன்றில் பறந்துகொண்டிருந்தபோது கிளைடரின் மூக்கு மேலே தூக்கி, வேகம் நின்றுபோனது. இறக்கை அளவுக்கு மேல் நிமிர்ந்தால் அதன் மேல் ஓடும் காற்று பிய்ந்துபோய், தூக்கும் விசை சட்டென்று குறையும். இதை 'ஸ்டால்' என்பார்கள். மூக்கை இறக்க வேண்டுமானால் உடலின் எடையை முன்னே கொண்டுபோக வேண்டும். அந்த அளவுக்கு நகர அவருடைய சட்டத்தில் இடம் இல்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த லிலியந்தால் மறுநாள் பெர்லினில் இறந்தார்.

இந்தச் செய்திதான் அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் கவனத்தைப் பறப்பதன் பக்கம் திருப்பியது. உடம்பை ஆட்டிக் கட்டுப்படுத்துவது நம்பத்தக்கதல்ல என்று முடிவு செய்த அவர்கள், இறக்கையையே முறுக்கும் முறைக்குப் போனார்கள். விமானம் அந்த வழியில் வளர்ந்தது. தொங்கிக்கொண்டு பறப்பது என்ற யோசனையை அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஏறக்குறைய எல்லோரும் மறந்தே போனார்கள்.

அது திரும்பி வந்தது ஒரு ஜன்னல் திரையிலிருந்து!

ஃபிரான்சிஸ் ரொகாலோ, வர்ஜீனியாவில் இருந்த லாங்லி ஆய்வுக்கூடத்தில் காற்றியக்கப் பொறியாளர். அங்கே பெரிய பெரிய காற்றுச் சுரங்கங்கள் இருந்தன. ஆனால் அவருடைய யோசனை அலுவலகத்தில் எடுபடவில்லை. சட்டமே இல்லாத, துணியால் மட்டும் ஆன இறக்கை. காற்றின் அழுத்தமே அதற்கு வடிவம் கொடுக்கும். பாராசூட் மாதிரி மடித்து வைத்துக்கொள்ளலாம். ஆகவே வீட்டிலேயே மின்விசிறியை வைத்து ஒரு சின்னக் காற்றுச் சுரங்கம் அமைத்தார். மனைவி கெர்ட்ரூட் சமையலறைத் திரைத்துணியை வெட்டித் தைத்தார். 1948-ல் அது பறந்தது. இருவர் பெயரிலும் 1951-ல் காப்புரிமை கிடைத்தது. இரண்டு அரைக் கூம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தது போன்ற அந்த வடிவத்துக்கு இன்றும் 'ரொகாலோ இறக்கை' என்றே பெயர். வாங்க ஆளில்லாததால் கொஞ்ச காலம் அதைக் குழந்தைகள் விடும் பட்டமாக விற்றார்கள்.

1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவிய பிறகு நிலைமை மாறியது. விண்வெளியிலிருந்து திரும்பும் ஜெமினி கலத்தைக் கடலில் பொத்தென்று விழவைக்காமல், ரொகாலோ இறக்கையில் மிதக்கவிட்டுத் தரையில் இறக்கலாமா என்று நாசா பார்த்தது. 'பாரெசெவ்' என்ற சோதனை ஊர்தியைக் கட்டி 1962-ல் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் பறக்கவிட்டார்கள். அதை ஓட்டிப் பார்த்தவர்களில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். இறக்கை சரியான நேரத்தில் விரிய மறுத்தது, காலம் ஓடியது, 1964-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஜெமினி பாராசூட்டிலேயே கடலில் இறங்கியது.

ஆனால் அதற்குள் படங்கள் பத்திரிகைகளில் வந்துவிட்டன. படத்தைப் பார்த்துத் தாங்களே செய்து பார்த்தவர்கள் உலகின் பல மூலைகளிலும் இருந்தார்கள். பேரி பால்மர் என்ற பொறியாளர் 1961-லேயே கலிபோர்னியாவில் பாலிதீன் தாளைப் போர்த்திய ரொகாலோ இறக்கையுடன் சரிவில் ஓடிப் பறந்துவிட்டார். ஆனால் அதை அவர் பரப்பவில்லை; அது அவரோடு நின்றுவிட்டது.

பரவியது ஆஸ்திரேலியாவிலிருந்து. நியூ சவுத் வேல்ஸில் கிளாரன்ஸ் ஆற்றங்கரையில் கிராஃப்டன் என்று ஒரு சிறு நகரம். ஆண்டுதோறும் ஜக்கராண்டா மரங்கள் பூக்கும் காலத்தில் அங்கே திருவிழா நடக்கும். 1963 திருவிழாவில் ஏதாவது புதுமையாகக் காட்ட வேண்டும் என்று அவ்வூர் நீர்ச்சறுக்குச் சங்கம் விரும்பியது. அந்தக் காலத்தில் நீர்ச்சறுக்கு வீரர்கள் படகில் கட்டிய தட்டையான பட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேலே எழும்பிக் காட்டுவார்கள். ஆபத்தான வித்தை. படகுக் கயிறு அறுந்தால் ஆளும் பட்டமும் தண்ணீரில்! கயிறு போனாலும் மிதந்து இறங்குகிற மாதிரி ஒன்றைச் செய்து தரும் பொறுப்பு ஜான் டிக்கென்சன் என்ற உறுப்பினரிடம் வந்தது.

அவர் ரொகாலோ இறக்கையின் படத்தை ஒரு பத்திரிகையில் பார்த்திருந்தார். கையில் பணம் அதிகம் இல்லை. கிராஃப்டன் பக்கம் வாழை விளையும் ஊர். வாழைத்தார் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை மலிவாகக் கிடைத்தது. மரச்சட்டம் செய்து, அந்தப் பிளாஸ்டிக்கையே இறக்கையாகப் போர்த்தினார். தேனிப் பக்கம் தோட்டங்களில் தாருக்கு உறை மாட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, அதில் ஒரு மனிதன் தொங்கிப் பறந்தான் என்பதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

ஆனால் டிக்கென்சனின் பெரிய பங்களிப்பு பிளாஸ்டிக் அல்ல, அதன் கீழே இருந்த முக்கோணம். பறப்பவரை இறக்கையின் எடைமையத்துக்கு அருகே ஒரே புள்ளியில் ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டார். அவருக்கு முன்னால் இறக்கையோடு உறுதியாக இணைந்த முக்கோணச் சட்டம் ஒன்று. அதன் அடிக்கம்பியைத் தன் பக்கம் இழுத்தால் உடம்பு முன்னே போகும், மூக்கு இறங்கும், வேகம் கூடும். தள்ளினால் உடம்பு பின்னே போகும், வேகம் குறையும். பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தப் பக்கம் திரும்பும். இதே முக்கோணத்தின் மூலைகளிலிருந்து கம்பிவடங்களை இறக்கையின் முனைகளுக்கு இழுத்துக் கட்டியதால் மெல்லிய சட்டங்களே எடையைத் தாங்கின. ஓட்டும் கருவியும் தாங்கும் கருவியும் ஒன்றே ஆயின. லிலியந்தாலை அக்குளில் பிடித்து வைத்திருந்த சட்டம் போய், உடம்பு முழுவதும் அங்குமிங்கும் ஆட இடம் கிடைத்துவிட்டது.

1963 செப்டம்பர் 8-ம் தேதி அது கிளாரன்ஸ் ஆற்றின் மேல் பறந்தது. அன்றைய துணியும் குழாயும் இன்று எந்தக் கிளைடரிலும் இல்லை. அந்த முக்கோணம் மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. டிக்கென்சனுக்கு இதனால் பணம் எதுவும் பெரிதாக வரவில்லை. சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது 2012-ல், அதாவது 49 ஆண்டுகள் கழித்து!

அதை உலகுக்குக் கொண்டுபோனவர்கள் பில் மொய்ஸ், பில் பென்னட் என்ற இரண்டு ஆஸ்திரேலிய நீர்ச்சறுக்கு வீரர்கள். 1968-ல் மொய்ஸ் படகையும் கயிற்றையும் விட்டுவிட்டுப் பனிமலைச் சரிவிலிருந்து பறந்து காட்டினார். பென்னட் அமெரிக்காவுக்குப் போய், 1969 ஜூலை 4 அன்று நியூயார்க்கில் சுதந்திரதேவி சிலையின் மேல் பறந்தார். அமெரிக்கச் சுதந்திர தினமாகப் பார்த்துப் பறந்தால் பத்திரிகைகள் சும்மா இருக்குமா?

1971 மே 23 லிலியந்தாலின் 123-வது பிறந்தநாள். கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் அருகே ஒரு புல்மேட்டில், அவர் பெயரைச் சொல்லிச் சிலர் கூடினார்கள். மூங்கில், பிளாஸ்டிக் தாள், ஒட்டும் டேப் ஆகியவற்றால் வீட்டுக் கொட்டகையில் செய்த கிளைடர்களே பெரும்பாலும் வந்தன. பலர் சில நொடிகளில் தரையிறங்கினார்கள். அடுத்த ஆண்டு நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் அந்தக் கூடலின் படங்களை வெளியிட்டதும் ஆர்வம் காட்டுத்தீயாகப் பரவியது. அந்நாளில் வந்த சங்கப் பத்திரிகை ஒன்றின் பெயர் 'கிரவுண்ட் ஸ்கிம்மர்'. தரையை உரசிப் போகிறவன் என்று பொருள். எவ்வளவு உயரம் போக நினைத்தார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது.

ஆனால் அந்த உயரத்தில் யாரும் நிற்கவில்லை. மூங்கில் போய் அலுமினியக் குழாய் வந்தது. பிளாஸ்டிக் போய், பாய்மரப் படகுகளில் பயன்படும் டாக்ரான் துணி வந்தது. 1973-ல் மைக் ஹார்க்கர் என்ற அமெரிக்கர் ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரமான சுக்ஷ்பிட்ஸவிலிருந்து பறந்து இறங்க, ஐரோப்பாவிலும் ஜுரம் தொற்றியது. இறக்கை மட்டும் அதே பழைய ரொகாலோ கூம்பு. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நான்கு மீட்டர்தான் முன்னே போகும். மணல்மேட்டில் பத்தடி உயரத்தில் பறக்கச் செய்த கருவியை மூவாயிரம் அடி மலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கேதான் அதன் குணம் தெரியவந்தது. ரொகாலோ இறக்கைக்கு வடிவம் கொடுப்பதே காற்றின் அழுத்தம். பறப்பவர் வேகத்துக்காகக் கம்பியை அதிகம் இழுத்தாலோ, திடீரென்று மேலிருந்து ஒரு காற்று அடித்தாலோ, அந்த அழுத்தம் போய்விடும். துணி கொடியைப் போலப் படபடக்கும். படபடக்கும் துணிக்குத் தூக்கும் விசையும் இல்லை, மூக்கை மேலே கொண்டுவரும் விசையும் இல்லை. கிளைடர் தலைகுப்புறப் பாயும். கம்பியை எவ்வளவு தள்ளினாலும் பயன் இருக்காது. இரண்டு கூம்பும் மூன்று குழாயுமாகப் பார்க்க எவ்வளவு அப்பாவியாக இருந்ததோ, அவ்வளவு கொடூரமான குணம். எழுபதுகளின் நடுவில் இளைஞர்கள் பலர் இப்படி இறந்தார்கள். முதலில் பலரும் அதை ஓட்டியவரின் தவறு என்றே நினைத்தார்கள். நல்ல பழக்கம் உள்ளவர்களும் அதே விதத்தில் விழுந்தபோதுதான் சந்தேகம் கருவியின் மேல் திரும்பியது.

விடை இரண்டு விதமாக வந்தது. ஒன்று, இறக்கையிலேயே மாற்றம். இறக்கைக்கு மேலே நடுவில் நிற்கும் 'கிங் போஸ்ட்' என்ற சிறு கம்பத்திலிருந்து துணியின் பின்விளிம்புக்கு மெல்லிய கயிறுகளைக் கட்டினார்கள். சாதாரணமாகப் பறக்கும்போது அவை தளர்ந்து கிடக்கும். கிளைடர் குப்புறப் பாயத் தொடங்கினால் மட்டும் இறுகி, பின்விளிம்பைக் கீழே போகவிடாமல் மேலே பிடிக்கும். மூக்கு தானாக நிமிரும். சில ரூபாய்க் கயிறு! அதைக் கட்டியிருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இறக்கை நுனிகளையும் தொய்ந்து விழாதபடி மாற்றினார்கள். 'பேட்டன்' எனப்படும் குச்சிகளைத் துணிக்குள் செருகியதால், வடிவத்துக்குக் காற்றை மட்டுமே நம்பியிருக்கும் நிலையும் போயிற்று.

இன்னொன்று, சோதனை. தயாரிப்பாளர்கள் கூடிச் சங்கம் அமைத்து, விற்பதற்கு முன் ஒவ்வொரு மாதிரியையும் சோதிக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். வண்டியின் மேல் கம்பம் நட்டு, அதில் கிளைடரைப் பொருத்தி, வெறும் சமவெளியில் வேகமாக ஓட்டுவார்கள். இறக்கையை வெவ்வேறு கோணத்தில் வைத்து அது மூக்கை எந்தப் பக்கம் திருப்ப முயல்கிறது என்று அளப்பார்கள். எத்தனை மடங்கு எடையில் குழாய் முறிகிறது என்றும் பார்ப்பார்கள். அதாவது மனிதனுக்குப் பதிலாக வண்டி அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டது.

தொங்கும் விதமும் இதே காலத்தில் மாறியது. ஆரம்பத்தில் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து பறந்தவர்கள், காற்றின் தடை குறைவதற்காகக் குப்புறப் படுத்துப் பறக்கத் தொடங்கினார்கள். உடலைச் சுற்றிய பட்டைகள் கூட்டுப்புழுவின் கூடு போன்ற உறையாக மாறின. பிறகு கால் முதல் மார்பு வரை ஜிப் வைத்து மூடும் உறை வந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் அந்த உறையின் மார்பில் ஒரு சிறிய பாராசூட்டும் இடம்பிடித்தது. இறக்கை முறிந்தால் கையால் இழுத்து வெளியே எறிய வேண்டும்; ஆளும் கிளைடரும் சேர்ந்தே கீழே இறங்கும்.

பயம் குறைந்ததும் தூரம் கூடியது. இதில் திருப்புமுனை என்றால் 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்த 'காமெட்' கிளைடர்தான். ராய் ஹாகார்ட் வடிவமைத்தது. தயாரித்த நிறுவனம், ஒரு காலத்தில் பந்தயக் கார்களை வடிவமைத்த பீட் பிராக் தொடங்கியது. அதுவரை வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருந்த குறுக்குக் குழாயை, இரட்டைத் துணிக்கு நடுவில் மறைத்துவிட்டார்கள். அந்தக் குழாய் நடுவில் இறுக்கிக் கட்டப்படாமல் கொஞ்சம் அசையும்படி விட்டதால், பறப்பவர் நகரும்போது இறக்கையும் சேர்ந்து வளைந்து கொடுத்தது. வேகம் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம் என்றிருந்த நிலை மாறியது. சில ஆண்டுகளில் மற்ற எல்லா நிறுவனங்களும் இதே வழிக்கு வந்துவிட்டன. பறக்கும்போதே ஒரு கயிற்றை இழுத்து இறக்கையை முறுக்கேற்றும் வசதியும் வந்தது. நேராக ஓடும்போது முறுக்கு, தரையிறங்கும்போது தளர்வு.

1977-ல் முதன்முதலாக 100 மைல் தாண்டினார்கள். 1990-ல் லாரி டியூடர் நியூ மெக்சிகோவின் ஹாப்ஸிலிருந்து கிளம்பி 488 கி.மீ. பறந்தார். 2001-ல் ஆஸ்திரியாவின் மான்ஃப்ரெட் ரூமர் டெக்சாஸின் சபாட்டாவிலிருந்து 700 கி.மீ. எல்லையைத் தொட்டார். 2012 ஜூலை 3-ம் தேதி அதே சபாட்டாவிலிருந்து கிளம்பிய டஸ்டின் மார்ட்டின் சென்ற தூரம் 764 கி.மீ. அன்று அவரோடு பறந்த ஆஸ்திரேலியரான ஜானி டுரண்ட் மூன்றே கி.மீ. குறைவில் இறங்கினார். நாள் முழுக்கப் பறந்த பிறகு மூன்று கி.மீ.!

இந்தப் போட்டி வேகம் பழைய பிரச்சினையை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தது. தொண்ணூறுகளின் நடுவில் 'டாப்லெஸ்' கிளைடர்கள் வந்தன. மேலே இருந்த கிங் போஸ்ட் காற்றைத் தடுக்கிறது என்று அதை நீக்கிவிட்டு, கார்பன் இழையாலான குறுக்குக் குழாயை வைத்தார்கள். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 15 மீட்டருக்கு மேல் முன்னே போகும் அளவுக்குத் திறன் ஏறியது. கிங் போஸ்ட் போனால் அதில் கட்டியிருந்த உயிர்காக்கும் கயிறுகளும் போயின அல்லவா? அவற்றுக்குப் பதிலாக 'ஸ்பிராக்' என்ற சிறு கம்பிகளை இறக்கைக்குள் வைத்து, பின்விளிம்பை அடியிலிருந்து தாங்கவிட்டார்கள். இந்தக் கம்பியின் கோணத்தைத் திருகிச் சற்று இறக்கினால் வேகம் கொஞ்சம் கூடும். பாதுகாப்பு கொஞ்சம் குறையும். போட்டியாளர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை! கடைசியில் போட்டி நடத்துபவர்களே கோணமானியோடு வந்து ஒவ்வொரு கிளைடரின் ஸ்பிராக்கையும் அளக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு வளர்ந்த விளையாட்டில் ஆட்கள் குறைந்துபோனதற்குக் காரணமும் கருவிதான். 1978-ல் பிரான்சின் மியூசி என்ற மலைக் கிராமத்தில் சிலர் பாராசூட்டுடன் சரிவில் ஓடிப் பறந்தார்கள். அதுதான் பாராகிளைடிங் ஆனது. ஹேங் கிளைடர் 30 கிலோ எடை, மடித்தாலும் ஐந்தாறு மீட்டர் நீளம், கார் கூரையில் கட்டிக்கொண்டு போக வேண்டும். பாராகிளைடரோ முதுகுப்பையில் அடங்கிவிடும். வேகத்திலும் சறுக்கும் திறனிலும் ஹேங் கிளைடரே இன்றும் மேல். ஆனால் பஸ்ஸில் ஏற்ற முடியாதே! சட்டமே இல்லாத துணி இறக்கை என்று ரொகாலோ 1948-ல் கண்ட கனவுக்கு பாராகிளைடர்தான் நெருக்கமானது என்பது இதில் ஒரு வேடிக்கை. 2009-ல் 97 வயதில் இறந்த அவர் இரண்டையும் பார்த்துவிட்டே போனார்.

எல்லாம் மாறிய பிறகும் மாறாத ஒரு இடம் உண்டு. பறப்பவரின் உறையையும் கிளைடரையும் இணைக்கும் அந்த ஒற்றைக் கொக்கி. 'காரபீனர்' என்பார்கள். சிறிய பொருள்தான், அதுவே பறப்பவரின் எடையைப் போலப் பல மடங்கைத் தாங்கும். ஆனால் மாட்டினால்தானே? 2012-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருவர் பறக்கும் கிளைடரில் பயணியாக வந்த இளம்பெண்ணின் கொக்கி மாட்டப்படாமலே கிளம்பினார்கள். அவர் கீழே விழுந்து இறந்தார். 2018-ல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் ஒரு சுற்றுலாப் பயணிக்கும் இதேதான் நடந்தது. அவர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் ஓட்டுநரையும் பற்றிக்கொண்டு இரண்டு நிமிடங்களுக்கு மேல் தொங்கி, மணிக்கட்டு முறிவோடு உயிர் தப்பினார். அந்த வீடியோவைப் பார்க்கும் எவருக்கும் உள்ளங்கை வியர்க்கும்.

இதற்கு இன்னும் ஒரு கருவி பிறக்கவில்லை, பழக்கங்கள்தான் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பலர் உறையை முதலில் கிளைடரில் மாட்டிவிட்டு, பிறகுதான் அதற்குள் தாங்கள் நுழைவார்கள். உறையைப் போட்டுக்கொண்டு கொக்கி இல்லாமல் நடக்கும் நேரமே இருக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. மற்ற இடங்களில் ஒருவர் கிளைடரின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, பறப்பவர் தரையிலிருந்தபடியே ஒருமுறை முழு எடையோடு தொங்கிப் பார்ப்பார். அதன் பிறகும் திருப்தி இல்லாதவர்கள், மலை விளிம்பில் ஓடப்போகும் அந்த நொடியில் கிளைடரைத் தோளிலிருந்து ஒரு சாண் மேலே தூக்குகிறார்கள். தொடைப் பட்டை இறுகினால் கொக்கி மாட்டியிருக்கிறது. இறுகியது தெரிந்த பிறகே முதல் அடி எடுத்து வைக்கிறார்கள்.